கூகைக்கு எலிச்சூடு, காக்கைக்கு ஏழு கலச் சோறு

ஆந்தைக்கு விருந்து வைத்து அதன் வாயை அடைக்கப் பார்க்கும் பாட்டு ஒன்று தமிழில் இருக்கிறது. நற்றிணையில் 83ஆம் பாட்டு, பெருந்தேவனார் பாடியது. இரவில் காதலன் வரும் நேரம். ஊர் வாசலில், தண்ணீர்த் துறைக்குப் பக்கத்தில், சாமி குடியிருக்கும் பழைய மரத்தில் ஒரு கூகை உட்கார்ந்திருக்கிறது. அது குழறினால் கேட்பவருக்குக் குலை நடுங்கும். தோழி அதனிடம் பேரம் பேசுகிறாள். ஆட்டுக்கறி போட்ட நெய்ச்சோறு உண்டு, சுட்ட எலியும் உண்டு, தூக்கம் வராமல் அவனுக்காகக் காத்திருக்கும் இந்த நேரத்தில் மட்டும் சத்தம் போடாதே என்று கெஞ்சுகிறாள். முதல்முறை இதைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வளைந்த அலகு, தெளிந்த கண், கூரிய நகம் என்று அந்தப் பறவை முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. அதற்குப் பிடித்த தீனி எது என்பது வரை புலவருக்குத் தெரிந்திருக்கிறது!

ஜொகூர்க்காரர்களுக்கு அந்த எலி விஷயம் இன்னும் நெருக்கம். இங்கே செம்பனைத் தோட்டங்களில் எலி பெரிய தலைவலி. பழக்குலையைக் கடித்து நாசம் செய்துவிடும். அதற்காகத் தோட்டத்துக்குள் கம்பம் நட்டு, உச்சியில் மரப்பெட்டி பொருத்தி, கூகைகளைக் குடிவைக்கிறார்கள். குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்படியொரு பெட்டிக்கு அடியில் நான் நின்றிருக்கிறேன். தரையில் கட்டைவிரல் பருமனில் கரிய உருண்டைகள் கிடந்தன. ஒன்றைக் குச்சியால் பிரித்தால் உள்ளே எலி மயிர், சின்னச் சின்ன எலும்பு, முழுசாக ஒரு மண்டையோடு. மேலே பெட்டிக்குள்ளிருந்து சீறல் சத்தம். நற்றிணைத் தோழி இந்தத் தோட்டத்து மேலாளரிடம் பேசினால் இருவருக்கும் ஒரே கருத்துதான் இருக்கும்: கூகையை எலி கொடுத்து வசப்படுத்தலாம்.

நான் குடியிருப்பது தம்போயில். ஜொகூர் பாருவை ஒட்டிய பகுதி. தொழிற்பேட்டை, நெடுஞ்சாலை, வரிசை வரிசையாகத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள், பிளாசா ஆங்சானா, பெர்மாய் மருத்துவமனை. பறவை பார்க்க வருகிறேன் என்று யாரும் தம்போய்க்கு வருவதில்லை. ஆனால் குறுந்தொகையும் நற்றிணையும் மனத்தில் ஓட, காலையில் லோங்காங் (வடிகால்) ஓரமாக நடந்து பாருங்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அது வேறு ஊர். சிரல், குருகு, கம்புள், கூகை, குரீஇ, காக்கை என்று சங்கப் புலவர்கள் பேர் சொல்லி அழைத்தவை எல்லாம் இங்கே கம்பியிலும் கூரையிலும் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பேர்களைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் பறவையே கண்ணில் படத் தொடங்கியது.

குருவியிலிருந்து தொடங்குகிறேன். சங்கத் தமிழில் அது குரீஇ. குறுந்தொகை 46இல் மாமலாடன் என்ற புலவர் வீட்டுக் குருவியின் மடிந்த இறகை வாடிய ஆம்பல் பூவோடு ஒப்பிடுகிறார். வாடிய ஆம்பலை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். ஓரம் பழுப்பேறி, கோடு கோடாகச் சுருண்டிருக்கும். குருவி இறகும் அச்சு அசல் அதேதான். அந்தக் குருவி முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, தெருவில் எருப்புழுதி குடைந்து விளையாடி, சாயங்காலம் வீட்டு இறப்பில் குஞ்சுகளோடு ஒடுங்குகிறது. பிரிந்து போனவன் ஊரில் இப்படிக் குருவி அடையும் மாலைப்பொழுது இல்லையோ என்று கேட்கிறாள் தலைவி. ஒரு பறவையின் ஒரு நாள் முழுவதும் ஒரே பாட்டில் வந்துவிடுகிறது.

நற்றிணை 181 அதைவிட ஒருபடி மேல். ஆண் குருவி வேறு இடத்துப் பெடையோடு இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறது. வீட்டுப் பெடை குஞ்சுகளோடு வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே விட மறுக்கிறது. வெளியே மழைத்தூறல். முதுகு நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்கிறது ஆண். பெடை வெகுநேரம் யோசிக்கிறது, பிறகு இரக்கப்பட்டு உள்ளே கூப்பிடுகிறது. இதில் என்னைக் கிறங்க அடித்தது கதை அல்ல, ஒரு சின்ன அடைமொழி. அந்த ஆண் குருவியின் அணல், அதாவது தாடையின் கீழ்ப்பகுதி, கறுப்பு என்று புலவர் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். தமிழ்நாட்டு ஊர்க்குருவியில் ஆணுக்குத்தான் தொண்டையில் அந்தக் கறுப்பு; பெடைக்குக் கிடையாது. இன்றைய பறவைக் கையேடு எதைத் திறந்தாலும் ஆண் பெண் வேற்றுமை காட்ட முதலில் இதைத்தான் எழுதியிருப்பார்கள்.

தம்போயில் என் வீட்டு ஓட்டடியில் கூடு வைத்திருப்பது அதன் பங்காளி, மரச்சிட்டு. செம்பழுப்புத் தலை, வெள்ளைக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாற்போல ஒரு கறுப்பு. இதில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம், இரண்டுக்கும் அணல் கறுப்பு. நற்றிணைப் புலவர் மலேசியாவில் பிறந்திருந்தால் அந்த அடைமொழியைப் போட்டிருக்கவே மாட்டார் என்பது என் துணிபு. எத்தனை கூர்மையான கண் இருந்தால் இப்படி நம்மால் வாதாட முடிகிறது பாருங்கள்!

சிரலைப் பற்றி எழுத எனக்கு ஒரு கட்டுரை போதாது. சிரல் என்றால் மீன்கொத்தி. சிச்சிலி என்றும் பெயர். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் சேரன் செங்குட்டுவனைப் பரணர் பாடுகிறார். அதில் 42ஆம் பாட்டில் போர்வீரர்களின் உடம்பில் தழும்பு தெரிகிறது. வாள் கிழித்த காயத்தை நீண்ட வெள்ளை ஊசியால் தைத்த தழும்பு. அந்த ஊசி எப்படிப் போய் வந்தது? மீனுக்காகக் குளத்தில் மூழ்கி எழும் சிரலைப் போல என்கிறார் பரணர்.

ஒரு நிமிடம் இதை நிறுத்திப் பார்க்க வேண்டும். மழை விட்ட காலையில் எங்கள் தாமான் பின்புறத்துப் பெரிய லோங்காங்கின் மேல் ஒரு மின்கம்பி போகிறது. வெண்தொண்டை மீன்கொத்தி ஒன்று அதில்தான் உட்காரும். காப்பிக்கொட்டை நிறத் தலை, நீல முதுகு, செக்கச்செவேலென்ற அலகு. தலையை இரண்டு தரம் மேலும் கீழும் ஆட்டும். பிறகு அலகு முன்னே போக உடம்பு பின்னே போகத் தண்ணீருக்குள் நேராகப் பாயும். ஒரு கணம் ஒன்றுமே தெரியாது, வளையம் மட்டும் விரியும். மறுகணம் சற்றுத் தள்ளி, நீர் சொட்டச் சொட்ட, மேலே வரும். குத்தி, உள்ளே மறைந்து, வேறோர் இடத்தில் ஈரத்தோடு வெளியே வருவது. தையல் ஊசி சதைக்குள் செய்வது அதையேதான். காயத்தைத் தைத்து மூடும் மருத்துவம் அன்று இருந்தது என்பதற்கே இந்தப் பாட்டு சான்று. அந்தச் சான்றை ஒரு பறவையின் அலகில் கோத்து வைத்திருக்கிறார் பரணர். இதற்கு ஈடாக ஓர் உவமையை நான் எங்கும் படித்ததில்லை. ஐங்குறுநூற்றில் பேயனார் இதே சிரலின் அலகைத் தளவ மொட்டுக்குக் கொடுக்கிறார். தளவம் செம்முல்லை. சிவந்து, நீண்டு, நுனி கூர்ந்த மொட்டு. அந்தப் பாட்டைப் படித்ததிலிருந்து செம்முல்லைக் கொடியைப் பார்த்தால் எனக்கு அலகுதான் தெரிகிறது.

புல் வெட்டும் இயந்திரம் எங்கள் திடலில் இறங்கியதும் வெள்ளைக் கொக்குகள் எங்கிருந்தோ வந்து இறங்கும். இயந்திரத்தின் பின்னாலேயே நடந்து, கலைந்து ஓடும் பூச்சியைப் பொறுக்கும். நற்றிணை 70இல் வெள்ளிவீதியார் பேசுவது இப்படியொரு சிறிய வெள்ளைக் குருகிடம்தான். துறையில் வெளுத்து எடுத்த துணி மாதிரி வெள்ளை என்று அதைக் கொஞ்சுகிறார். எங்கள் ஊருக்கு வருகிறாய், கெளிற்று மீனைத் தின்கிறாய், அவர் ஊருக்கும் போகிறாய், என் துன்பத்தை மட்டும் அவரிடம் சொல்ல மறந்துவிடுகிறாயே என்று கோபித்துக்கொள்கிறார். கபிலரின் குருகு வேறு. குறுந்தொகை 25இல் அவனும் அவளும் கூடிய அன்று சாட்சிக்கு ஆள் இல்லை. ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு மட்டும் நின்றது. அதன் கால் தினைத்தாள் போல மெலிந்து பசுமஞ்சளாக இருந்தது என்கிறார். வெண்கொக்குகளில் சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு. பசுமஞ்சள் கால், அசையாத நிற்பு என்று வைத்துப் பார்த்தால் மடையான் என்னும் குளத்துக் கொக்குதான் கண்முன் வருகிறது. அதன் உறவுக்காரப் பறவை ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வடக்கேயிருந்து ஜொகூருக்கு வலசை வருகிறது. ஸ்கூடாய் ஆற்றோரம் கல்லோடு கல்லாக நிற்கும். பக்கத்தில் போகும்வரை தெரியவே தெரியாது. ஊமைச் சாட்சிக்குக் கபிலர் ஏன் இந்தப் பறவையைப் பிடித்தார் என்பது அங்கே நின்று பார்த்தால்தான் புரியும்.

கம்புளைச் சொல்லாமல் விட முடியாது. ஐங்குறுநூறு அதற்கு வெள்ளை நெற்றி என்கிறது. சம்பங்கோழி என்பது வழிவழியாக வரும் பொருள். கறுப்பு முதுகும் வெள்ளை முகமும் வெள்ளை மார்பும், குட்டை வாலைத் தூக்கித் தூக்கிக் காட்டும் நடையும் கொண்ட நீர்க்கோழி. லோங்காங் ஓரப் புதரிலிருந்து குடுகுடுவென ஓடி மறுபக்கம் மறையும். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி தோட்டத்தில் வளர்ந்தவர். அவரிடம் காட்டினேன்.

"அது ருவாக்-ருவாக்தானே தம்பி. தோட்டத்துல இருந்தப்ப கண்ணி வச்சுப் புடிப்பாங்க. மழைன்னா ராத்திரி பூரா கத்தும்."

"தமிழ்ல இதுக்குக் கம்புள்னு பேரு பாட்டி. ரெண்டாயிரம் வருசத்துப் பேரு."

"கம்புளா? நல்லாத்தான் இருக்கு. நாங்க வெறும் கோழின்னுதான் சொன்னோம்."

மறுநாளிலிருந்து அவர் பேரனுக்கு அது கம்புள்தான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இந்தப் பேர்களுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. தொல்காப்பியம் பறவைகளை ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருளில் சேர்த்தது. மரபியலில் ஆண், பெண், குஞ்சு எதற்கு என்ன பெயர் என்றும் வரையறுத்தது. இன்று சேவல் என்றால் கோழிச்சேவல் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. அன்று சிறகுள்ள எல்லாவற்றின் ஆணும் சேவல்: குருவிச் சேவல், அன்றில் சேவல், புறாச் சேவல். மயிலுக்கு மட்டும் விலக்கு. மயிலின் ஆணுக்கும் எழால் என்னும் வேட்டைப் பறவையின் ஆணுக்கும் போத்து என்று ஒரு பெயர். கோழி, கூகை இரண்டின் பெடைக்கும் அளகு. மயிலின் பெடைக்கும் அது பொருந்தும். பறப்பவற்றின் குஞ்சுக்குப் பார்ப்பு, பிள்ளை. கிளிப்பிள்ளை என்று இன்னமும் நாம் சொல்வது அந்த வழக்கின் தொடர்ச்சி. கோழியையும் கூகையையும் ஏன் ஒன்றாக வைத்தார்கள் என்று யோசித்து யோசித்து நான் இரவுத் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறேன், அதிலும் ஒரு சுகம்.

தம்போயில் இல்லாத பறவைக்காக ஏங்குவதும் உண்டு. அன்றில். பனைமரத்தில் ஜோடியாக அடையும், துணை பிரிந்தால் தாங்காது, நள்ளிரவில் அது நரலும்போது பிரிந்திருப்பவர்களுக்கு உயிர் போகும். இது கற்பனைப் பறவை என்று பலர் நினைக்கிறார்கள். குறுந்தொகை 160ஐ எடுத்துப் பாருங்கள். நெருப்பு நிறத்தில் சிவந்த தலை. இறாமீன் போல வளைந்த அலகு. இந்த இரண்டு அடையாளம் போதாதா? அரிவாள்மூக்கன் இனம் என்று பறவை அறிந்தவர்கள் சொன்னது அதனால்தான். திருநெல்வேலிப் பக்கம் அறுத்த வயல் ஒன்றில் கறுப்பு அரிவாள்மூக்கனை ஜோடியாகப் பார்த்தேன். கரிய உடம்பு, தோளில் ஒரு வெள்ளைத் திட்டு, உச்சந்தலையில் பவளத்தைக் கொட்டி ஒட்டியதுபோலச் சிவப்பு. அலகு அப்படியே பெரிய இறால். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த நண்பர் எழுப்பியும் எழவில்லை.

கணந்துள் என்ற பறவையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். நீண்ட கால் உடையது. ஆள் நடமாட்டம் கண்டால் கத்தி, பாலை வழியில் போகிறவர்களை எச்சரிப்பது. ஆலந்தூர் கிழாரின் குறுந்தொகைப் பாட்டு அதைச் சொல்கிறது. ஆட்காட்டி என்று இன்று நாம் அழைப்பதும் அதே குணத்துக்காகத்தான், அதே தொழிலைத்தான் அது ஜொகூரின் வெட்டவெளிகளிலும் செய்கிறது.

கடைசியாகக் காக்கை. குறுந்தொகை 210. விருந்து வரப்போகிறது என்று கரைந்த காக்கைக்கு, வள்ளல் நள்ளியின் காட்டு ஆயர்கள் தரும் நெய்யையும் தொண்டியில் விளைந்த வெண்ணெல் சோற்றையும் ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும் கொஞ்சம்தான் என்கிறாள் தோழி. பாடியவர் நச்செள்ளையார். காக்கையைப் பாடியதாலேயே காக்கைபாடினியார் என்று பெயர் பெற்றார். ஒரு பறவையை ஒழுங்காகப் பார்த்ததற்காகப் புலவருக்குக் கிடைத்த பட்டம் இது. நம் ஊர்க் காகம் மலாயா மண்ணின் பறவை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பித் தோட்டத்துப் புழுவை ஒழிக்க இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. காகம் பெருகியதும் அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் பெருகியது. விடியுமுன் எங்கள் தாமானில் குயில் கூவினால் தூக்கம் கெடுகிறது என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் குரல் போதாமல் சன்னலைத் திறந்து வைக்கிறேன்.

இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது இல்லை. பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் நற்றிணைப் பதிப்பு 1915இல் வெளிவந்தது, உ. வே. சாமிநாதையர் 1937இல் குறுந்தொகையை உரையோடு தந்தார். பி. எல். சாமி ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ எழுதினார். பாட்டிலுள்ள நிறத்தையும் குரலையும் உயிரியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அருமையான நூல். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அதன் ஆழம் தெரிகிறது. க. ரத்னம் ஊர் ஊராக வழங்கும் பறவைப் பெயர்களைத் திரட்டினார். நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1960களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயகம் அடிகள் சங்கக் கவிதையில் இயற்கை பற்றியே நூல் எழுதியவர். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்க முன்னின்றவரும் அவர்தான்.

மலேசியத் தமிழ் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்குச் சங்கப் பாட்டை வகுப்பறையில் பொருள் எழுதவைத்து மட்டும் முடித்துவிடாதீர்கள். நற்றிணையில் 70, 83, 181. குறுந்தொகையில் 25, 46, 210. முதலில் இந்த ஆறு பாட்டையும் நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் தாமான் லோங்காங் ஓரம் போய் நில்லுங்கள். குருகு எது, சிரல் எது, கம்புள் எது என்று விரலை நீட்டிப் பேர் சொல்லிக் கொடுங்கள். பைனாகுலர் வேண்டியதில்லை, செருப்பு மட்டும் வழுக்காததாக இருக்கட்டும்.